கிளெஸ்மர்: கூலிக்கு வாசித்தவரின் இசை

கிழக்கு ஐரோப்பிய யூதரின் திருமண இசையாகிய கிளெஸ்மரைப் பற்றி எழுதுவோர், ஓர் இனத்தின் ஆன்மா என்றும் கண்ணீரிடையே மலர்ந்த சிரிப்பு என்றும் கூறி அமைந்துவிடுகின்றனர். ஆன்மாவைக் கண்ட இவ்விமர்சகர்கள், வாசித்த மனிதனைக் காணாது விட்டது ஏன் என்பதே நமது வினா.

இசைக்கருவிகளைக் குறித்த எபிரேயச் சொற்றொடரொன்று, இத்திஷ் மொழியில் கருவியை வாசிப்பவனுக்குப் பெயராயிற்று. அப்பெயருக்கு மதிப்பிருக்கவில்லை. அவனின்றித் திருமணம் சிறவாது; ஆயினும் கல்வியும் குலப்பெருமையும் பேசிய குடும்பங்கள் அவனுக்குப் பெண் கொடுக்க விரும்பா. தொழில் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது. முடிதிருத்துதல் போன்ற பிற தொழில்களாலும் வயிறு வளர்த்தவர் பலர்.

மணப்பெண்ணை இருத்தும் சடங்கிலே, பட்கன் எனப்படும் விகடகவி பாட்டாலே அவளை அழவைப்பான். வயலின் அவ்வழுகையைப் பின்தொடரும். சற்று நேரத்தில் அதே கைகள் பிரெய்லெக்ஸ் என்னும் களியாட்டத்துக்கு வாசித்தல் வேண்டும். ஆட விரும்பும் விருந்தினர் ஆட்டத்துக்குக் காசு கொடுப்பர். கண்ணீரும் சிரிப்பும் அடுத்தடுத்து நின்ற மருமம் இதுதான்: அன்றைய வேலை ஒழுங்கு அது! தூய இனவிசை என்ற பேச்சும் நில்லாது. பெசராபியாவில் யூதரும் றோமா இசைஞரும் ஒன்றாக வாசித்தனர். மொல்டாவிய ஆட்டமெட்டுகள் கிளெஸ்மரின் உடைமையாயின.

இவ்வுண்மைகளை முறையாகத் தேடியவர் கியேவ் நகர ஆய்வாளர் மொய்சே பெரகோவ்ஸ்கி (1892-1961). மெழுகு உருளைகளில் மெட்டுகளைப் பதிந்ததோடு, கலைஞரின் தொழில் வாழ்வையும் ஆராய 1937இல் வினாக்கொத்தொன்றை வெளியிட்டார். இசையை உழைப்பாகக் கண்ட இந்த அறிஞரைச் சோவியத்து அரசே 1950இல் கைதுசெய்து சைபீரிய முகாமுக்கு அனுப்பியது. 1955இலேயே அவர் விடுதலையானார். முற்போக்காளராகிய நாம் இதனை மறைத்தல் தகாது. மக்கள் கலையைப் போற்றுவதாகச் சொன்ன ஆட்சி, அதனைத் தேடித் தொகுத்தவனைச் சிறையிட்டமைக்குச் சமாதானம் ஏதுமில்லை.

அவர் ஆராய்ந்த உலகையோ நாசிகள் முன்னரே அழித்திருந்தனர். எஞ்சிய மரபின் பெரும்பகுதி நியூயோர்க்கில் வாழ்ந்தது. கிளாரினெற் கலைஞர்களான நப்தூலே பிராண்ட்வைன், டேவ் தராஸ் ஆகியோர் குடியேறியோரின் திருமணங்களில் வாசித்தனர்; இசைத்தட்டுகளும் வெளியிட்டனர். 1970களில் இளைஞர் சிலர் பழைய தட்டுகளைக் கேட்டு இவ்விசையை மீட்டபோது தராஸ் உயிருடன் இருந்தார். முதியவரைத் தேடிச் சென்று கற்ற அவர்களின் பணிவை நாம் மெச்சுகின்றோம்.

ஆனால் மண்டபத்தில் அசையாதிருந்து கேட்குங்கால் இவ்விசையின் பாதி போய்விடுகின்றது. யூதர் அருகிவிட்ட கிராக்கோவின் கசிமியேஷ் பகுதியில், உணவுச்சாலைகளிலே உல்லாசப் பயணிகளுக்காகக் கிளெஸ்மர் வாசிக்கப்படுகின்றது. அங்கும் கூலிக்குத்தான் வாசிக்கின்றனர், அதில் இழுக்கில்லை. அழவேண்டிய மணப்பெண்ணும் காசு கொடுத்து ஆடும் மாமனும்தான் அங்கில்லை.