செயலி மொழிபெயர்ப்பும் தமிழிலக்கணமும்

பிறமொழிக் கருத்துக்களைத் தமிழிற் பெயர்த்தல் இன்று தோன்றிய வழக்கன்று. வழிநூல் வகைகளுள் மொழிபெயர்த்தலையும் ஒன்றாகத் தொல்காப்பியர் மரபியலில் வைத்தார். 1847 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கி, மாணவர்க்குத் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். நூலைப் பெயர்ப்போர் முன்பின் வருவனவற்றை நோக்கிச் சொல்லின் பொருளைத் துணிவர். கைத்தொலைபேசிச் செயலியைப் பெயர்ப்போர்க்கோ அவ்வாய்ப்பு அரிது. திரையிலே தோன்றுஞ் சொற்கள் தனித்தனியே பிரித்தெடுக்கப்பட்டுப் பட்டியலாகவே அவர்பால் வருகின்றன. 'ஓப்பின்' என்னும் ஆங்கிலச் சொல் 'திற' என்னும் ஏவலோ, 'திறந்துள்ளது' என்னும் நிலையோ என்பதை அப்பட்டியல் உணர்த்தாது.

இதனினும் பெரிய இடர் வேற்றுமையிலே தோன்றுகின்றது. ஆங்கிலத்திற் பெயர் திரியாது நிற்க, அதன் முன் வருஞ் சொல்லே நான்காம் வேற்றுமைப் பொருளைத் தரும். ஆதலின் வாக்கியத்தில் ஒரு வெற்றிடம் விட்டு, வேண்டிய பெயரைப் பின்னர் அதில் நிரப்புதல் எளிது. தமிழிலோ உருபு பெயரோடு புணரும். மாலா 'மாலாவுக்கு' எனவும், கண்ணன் 'கண்ணனுக்கு' எனவும், மன்றம் 'மன்றத்துக்கு' எனவும் ஆதல் காண்க. வெற்றிடத்தின்பின் 'க்கு' என்பதை ஒட்டிவைப்பின் 'கண்ணன்க்கு', 'மன்றம்க்கு' என்னும் வழுக்களே திரையில் தோன்றும். 'கண்ணன் என்பவருக்கு' என ஒரு சொல்லை இடையே பெய்யின் இவ்வழு நீங்கும்.

எண்ணும் இவ்வாறே மொழிதோறும் வேறுபடும். யுனிகோட் அமைப்பின் வகுப்பின்படி தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் எண்சார்ந்த வடிவங்கள் இரண்டு. அரபு மொழிக்கு ஆறு. யப்பானிய மொழிக்கு ஒன்றே. ஆங்கில அமைப்பையே எல்லா மொழிக்கும் அச்சாகக் கொள்ளுதல் பொருந்தாதென்பது இதனாற் பெறப்படும்.

இவை புலவர்க்கு மட்டும் உரிய ஆராய்ச்சியல்ல. 'பணம் அனுப்புவதை இரத்துச் செய்யவா?' என்னும் வினாவின்கீழ் 'சரி', 'இரத்துச் செய்' என இரு விடைகள் இருப்பின், பணம் போகாதிருக்க எதனைத் தொடுவது? ஆங்கிலம் அறிந்தோர் மொழியை மாற்றித் தப்புவர். தமிழ் மட்டும் அறிந்த முதியோர் பிறரை நாடவேண்டியவராவர். தம் கணக்கின் மறைவையும் அவரிடம் ஒப்புவிக்க நேரும். 'அனுப்புக', 'அனுப்பற்க' என வியங்கோளால் விடைகளை அமைப்பின் மயக்கமும் நீங்கும், மரியாதையும் நிலைக்கும்.

செயலித் தமிழ் விளங்கவில்லை என்போர் சிலர் அக்குறையைத் தமிழின்மேல் ஏற்றுவர். அது பொருந்தாது. குறை மொழியினதன்று, சொல்லைச் சூழலினின்று பிரித்த முறையினதே. பட்டியலோடு திரையின் படத்தையும் மொழிபெயர்ப்போர்க்குக் கொடுத்தலும், முடிந்த செயலியை ஆங்கிலம் அறியாத ஒருவரைக்கொண்டு பயன்படுத்திப் பார்த்தலும் வேண்டும். இலங்கையில் மும்மொழியில் வெளிவருஞ் செயலிகளுக்கு இச்சோதனை இன்றியமையாதது. மொழித்தெரிவிலே தமிழின் பெயர் இருந்துவிட்டமையால் மட்டும் தமிழர்க்குரிய பணி முடிந்ததாகாது.