ரோபோவுக்கு முன் கட்டி

பிளாஸ்டிக் தட்டில் ஒற்றை அடுக்காகப் படர்ந்திருக்கும் புற்றுச் செல்லைக் கொல்லும் மருந்து, உடம்பிலுள்ள கட்டியிடம் பெரும்பாலும் தோற்றுப்போகிறது. மனிதர்களிடம் சோதிக்கப்படும் புற்றுநோய் மருந்துகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கடைசிவரை அனுமதி பெறாததற்கு இதுவும் ஒரு காரணம். செல்களை உருண்டையாகத் திரட்டி வளர்ப்பது அதனால்தான். உருண்டையின் நடுவே ஆக்சிஜன் சரியாக எட்டாது. அங்குள்ள செல்கள் பெருகாமல் கிடப்பதால், பெருகும் செல்லைத் தாக்கும் மருந்துக்குத் தப்பிவிடும். கட்டிக்குள்ளும் இதே கதைதான். இந்தியாவும் 2023-இல் மருந்துச் சோதனை விதிகளைத் திருத்தி, இத்தகைய சோதனைகளை ஏற்றுக்கொண்டது.

ஆனால் கைக்குக் கை உருண்டை மாறும். அளவு மாறினால் மருந்தின் விளைவும் மாறும். இங்கேதான் ரோபோ உதவுகிறது. 384 குழித் தட்டில் குழிக்குக் குழி ஒரே அளவு செல்லை விடும், நடுச்சாமத்திலும் அசராது. ஆயிரக்கணக்கான சேர்மங்களைச் சலித்தெடுக்க வேறு வழியில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தொல்லை மேட்ரிஜெல்லில் தொடங்குகிறது. எலியின் புற்றுக்கட்டியிலிருந்து எடுத்து, செல்களைத் தாங்கப் பயன்படுத்தும் இந்தக் கூழ் குளிரில் நீர். சற்றே சூடேறினால் இறுகும். ரோபோவின் மேடையையும் பிப்பெட் முனையையும் குளிரவைக்காவிட்டால் முனையிலேயே அடைத்துக்கொள்ளும். கைதேர்ந்தவர் பார்த்ததும் நிறுத்திவிடுவார். அடைப்பை உணரும் ஏற்பாடு இல்லாத இயந்திரமோ, பாதியை விட்டுவிட்டு அடுத்த குழிக்குப் போய்விடும். பழைய வளர்ப்புநீரை உறிஞ்சும்போது சில உருண்டைகளும் கூடவே போகும். ஓரக் குழிகள் சீக்கிரம் வற்றும். கைப்பிழை அங்கொன்றும் இங்கொன்றுமாக இருப்பதால் கண்ணில் படும். இயந்திரப் பிழை சீராக இருப்பதால் நல்ல முடிவு போலவே வரைபடத்தில் ஏறிவிடும். எனக்கு அச்சம் தருவது இதுதான்.

அதைவிடப் பெரிய கேள்வி, குழிக்குள் இருப்பது யாருடைய கட்டி என்பது. பெங்களூரின் மித்ரா பயோடெக் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளியின் கட்டியைச் சீவல்களாக்கி, அவருடைய சீரத்தையே சேர்த்து மருந்தைச் சோதித்தது. அங்கே அடிப்படை நோயாளியின் திசு. கருவி அதற்குப் பின்புதான்.

தஞ்சாவூர் மாவட்டத்து ஒரத்தநாட்டுக்குப் பொருந்தும் பாடமும் இதுவே. அங்கே 2012 முதல் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பெண் நாய்களின் மடிக்கட்டி தானாக வருவது, மனித மார்பகப் புற்றோடு பல வகையில் ஒத்தது. அறுவைக்குப் பின் குப்பைக்குப் போகக்கூடிய அந்தத் திசு, ஆய்வுக்கு நல்ல சரக்கு. தஞ்சாவூர் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தில் திசுப் பொறியியல் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இங்கே கோடிகளில் ரோபோ வாங்கி வைத்தால், 2018 கஜா புயலுக்குப் பின் நாள்கணக்கில் மின்சாரமற்றுக் கிடந்த இந்த வட்டாரத்தில் செல் வளர்க்கும் இன்குபேட்டரின் கதி என்ன? திரவ நைட்ரஜன் கேனுக்கு அந்தக் கவலை இல்லை. மாட்டுக்குச் சினை ஊசி போடும் ஊர்களில் அது பழகிய பொருள். கட்டித் துண்டுகளை முறையாக உறையவைத்து, நாயின் வயது, இனம், சிகிச்சைக் குறிப்போடு அந்தக் கேனில் சேர்க்கலாம். ரோபோ சென்னையிலோ பெங்களூரிலோ இருந்துகொள்ளட்டும்.