விநாடிக்கு 2000 கணக்கு

பீம்என்ஜி டிரைவ் என்ற வண்டியோட்டும் கணினி விளையாட்டில் கார் மதிலில் மோதும்போது, முன்பே வரைந்து வைத்த நசுங்கல் படம் எதுவும் ஓடுவதில்லை. வண்டி முழுதும் புள்ளிகள், அவற்றைப் பிணைக்கும் தண்டுகள். எது எவ்வளவு வளையும் என்று விநாடிக்கு 2000 தடவை கணக்குப் போடுவது செயலிதான். பாராட்டெல்லாம் கிராபிக்ஸ் கார்டுக்குப் போவது அநியாயம்!

தனியாக ஓட்ட ஒரு கோரின் வேகமே பெரிது. ஆனால் பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகிற றோட்டைப் போல பஸ், லொறி, ஆட்டோ எல்லாம் வேண்டுமென்றால் கதை வேறு. ஒவ்வொரு வண்டியின் கணக்கும் தனி இழையில் ஓடுவதால் எட்டுக் கோராவது தேவை.

எட்டுக் கோர் செயலிகளில் ரைசன் 7 5800எக்ஸ்3டியின் 96 மெகாபைட் எல்3 கேஷ் அழகுதான், விமான சிமுலேட்டர்களில் துள்ளும். ஆனால் அது 105 வாட் சிப். அடுக்கிய கேஷால் சூட்டை லேசில் விடாது. ஏசி இல்லாத புத்தளத்து அறைக்கு நான் எடுப்பது 2022இல் வந்த ரைசன் 7 5700எக்ஸ்: அதே எட்டுக் கோர், 65 வாட், பழைய ஏஎம்4 போர்டிலேயே உட்காரும். மிச்சக் காசுக்கு நல்ல கூலர். உப்புக்காற்றுக் கரையில் அதன் விசிறியை அடிக்கடி துடைக்கவும் வேண்டும்.