கறுத்த அட்டை

சென்னை எம்.கே.பி. நகர் வீடுகளில் அரிசி டப்பாவை ஒரு மாதம் திறக்காமல் விட்டால், மணிகள் நூல் கட்டிக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். மூடியைத் திறந்ததும் சாம்பல் நிற அந்து ஒன்று முகத்தருகே பறக்கும். நாம் அரிசியை வெயிலில் கொட்டி விரட்டும் இந்த அந்துப்பூச்சியைக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பக்குவமாகத் தீனி போட்டு வளர்க்கிறார்கள். அதன் முட்டைக்குள்தான், பயிர்ப்பூச்சிகளின் முட்டைகளை அழிக்கும் டிரைக்கோகிரம்மா என்ற குளவி வளர்கிறது.

அந்தத் தீனியைக் கலக்கும் பக்குவம் எனக்கு மிகவும் பிடிக்கும். சூட்டில் கிருமி நீக்கிய உடைத்த கம்பு இரண்டரை கிலோ, நிலக்கடலைத் தூள் 100 கிராம், ஈஸ்ட் 5 கிராம், சிலந்திப்பேன் அண்டாமல் இருக்கக் கொஞ்சம் கந்தகம். அரை சிசி அந்து முட்டையைத் தூவி, பேசினைத் துணியால் இறுக்கிக் கட்டுவார்கள். சுமார் 40 நாளில் அந்து வெளிவரும். துணி சற்று விலகினாலும் பிராக்கான் குளவி நுழைந்து புழுக்களைக் கொட்டி முடக்கிவிடும். தென்னையில் கருந்தலைப்புழுவை ஒழிக்க நாம் விடும் அதே பிராக்கான்!

சேகரித்த முட்டைகளைச் சலித்துச் செதிள் நீக்கி, கோந்து தடவிய அட்டையில் ஒட்டுகிறார்கள். ஒரு சிசிக்கு ஏறத்தாழ 20,000 முட்டை. புற ஊதா ஒளி அந்துக் கருவைக் கொன்றபின் குளவியை விடுகிறார்கள். ஊசிமுனை அளவே உள்ள அது, முட்டைமீது நடந்தே கொள்ளளவைக் கணித்து, உள்ளே எத்தனை குஞ்சுக்கு இடம் உண்டோ அத்தனை முட்டையை மட்டும் இடுகிறது. மூன்று நான்கு நாளில் அட்டை கறுக்கும். தேர்ந்த கையில் உருவான அட்டையில் கறுப்பு ஓரம்வரை சீராகப் படர்ந்திருக்கும். வெளிறிய திட்டுகள் இருந்தால் முட்டை பழையது, அல்லது குளவி போதவில்லை.

சீனர்கள் அந்து முட்டையே தேவைப்படாத ஒரு வழியும் கண்டார்கள். பிளாஸ்டிக் படலத்தில் சிறு குமிழ்கள் எழுப்பி, பட்டுப்பூச்சிக் கூட்டுப்புழுவின் உடல்நீர், முட்டை மஞ்சள்கரு, பால் கலந்த கூழை நிரப்பினார்கள். நடந்து அளக்கும் குளவிக்கு வளைவு தேவை என்று கண்டு குமிழாக்கியது அபாரமான நுட்பம். ஆனாலும் என் மனம் கம்பு பேசின் பக்கமே. கிராமத்துக் கொட்டகையிலும் அதைச் செய்யலாம்.

கறுத்த அட்டை பிறகு வயலுக்குப் போகிறது. கரும்பில் இடைக்கணுப் புழுவுக்கு ஹெக்டேருக்கு இரண்டரை சிசி, நான்காம் மாதம் முதல் 15 நாளுக்கு ஒருமுறையாக ஆறு தடவை. அட்டையைத் துண்டாக்கி, எறும்பு ஏறுமுன், குளவி வெளிவருமுன், இலையின் அடிப்பக்கம் கட்ட வேண்டும்.