சிவப்புக் கொய்யாக் கடல்பாசிக்கு ஒரு ஜே!

சிவப்புக் கொய்யாவில் செய்த கடல்பாசியை இன்னும் சாப்பிடாதவர்கள் உடனே செய்து பார்த்துவிடுங்கள். சர்க்கரை கிடையாது, வெல்லம் கிடையாது, தேனும் கிடையாது. ஆனாலும் அப்படி இனிக்கிறது!

நோன்பு திறக்கும் நேரத்தில் முஸ்லிம் வீடுகளில் துண்டு துண்டாக வெட்டிக் கொடுப்பார்களே, அதே கடல்பாசிதான். அதில் பாலும் சர்க்கரையும் தாராளமாகச் சேரும். மாமனாருக்குச் சர்க்கரை வியாதி என்பதால் இரண்டையும் விட்டுவிட்டுப் பழத்தைச் சேர்த்தேன். இதற்குக் கொய்யாவை அடித்துக்கொள்ள வேறு பழமே இல்லை. 100 கிராம் கொய்யாவில் சர்க்கரை சுமார் 9 கிராம், நார்ச்சத்து 5 கிராம். மாம்பழத்திலோ சர்க்கரை 14 கிராம் வரை போகும், நார் 2 கிராம்கூடத் தேறாது. பழனிப் பக்கத்து ஆயக்குடிக் கொய்யா கிடைத்தால், உள்ளே வெள்ளையாக இருந்தாலும் விடாதீர்கள். அந்த மணம் போதும்!

நன்றாகப் பழுத்த கொய்யா கால் கிலோ. தோலோடு நறுக்கி, அரை டம்ளர் தண்ணீர் விட்டு மிக்ஸியில் இரண்டே சுற்று. அதற்கு மேல் ஓடினால் விதை உடைந்து வாயில் நறநறக்கும். பிறகு பெரிய கண் வடிகட்டியில் போட்டுக் கரண்டியால் தேய்த்துக்கொண்டே இருங்கள். சாறு மட்டும் இறங்கினால் நார் வீணாகிவிடும், கூழாக இறங்க வேண்டும். வடிகட்டியின் அடியில் ரோஜா நிறத்தில் அது திரண்டு நிற்கும் அழகு இருக்கிறதே, ஆகா!

10 கிராம் உலர்ந்த கடல்பாசி இழையை ஊறவைத்து, அரை லிட்டர் தண்ணீரில் இழையே தெரியாமல் கரையும்வரை கொதிக்கவிடுங்கள். இறக்கிய பிறகுதான் கூழைக் கலக்க வேண்டும். பழப் புளிப்போடு சேர்ந்து கொதித்தால் கடல்பாசி இறுகாது. கூழ் சில்லென்று இருந்தால் பட்ட இடத்திலேயே கட்டி தட்டும். கூடவே ஏலக்காய்ப் பொடி, ஒரு சிட்டிகை உப்பு. அந்த உப்புதான் இனிப்பைத் தூக்கிக் கொடுக்கிறது! 40 டிகிரிக்குப் பக்கத்தில் வந்ததுமே உறையும், ஃப்ரிட்ஜ்கூட வேண்டாம்.

எட்டுத் துண்டு போட்டால், துண்டுக்கு 3 கிராம் சர்க்கரைகூட வராது. அதற்காகத் தட்டையே காலி செய்துவிடக் கூடாது. பழத்துக்கென்று மருத்துவர் சொன்ன அளவில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாமா ஒருநாள், “அம்மாடி, மேலாப்புல கொஞ்சம் மிளகாய்த்தூள் தூவிக் குடேன், பள்ளிக்கூட வாசல்ல விக்கிற கொய்யா மாதிரி” என்றார். தூவினேன். அடடா! இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் மிளகாய்த்தூள் இல்லாமல் கடல்பாசியே கிடையாது.