பிரெஞ்சு குரூசர்கள்: பாயும் நீராவியும்

குரூசர் என்பது பெரிய போர்க்கப்பல்களைவிட இலகுவாகவும் வேகமாகவும் கட்டப்பட்ட போர்க்கப்பல் வகை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்ஸ் இதனிடம் இரண்டு வேலைகளை எதிர்பார்த்தது. கடற்படை அணிக்கு முன்னே ஓடி எதிரியின் இருப்பிடத்தை அறிந்து சொல்ல வேண்டும். தொலைவில் உள்ள காலனிகளின் கரையோரம் நெடுநாள் ரோந்து சுற்றவும் வேண்டும். முதல் வேலைக்கு வேகம் முக்கியம். இரண்டாவதற்கு நிலக்கரி கிடைக்காத இடத்திலும் ஓடியாக வேண்டும் என்பதால் பாய்மரம் வைத்தார்கள். அந்தப் பாய்மரமே காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைத்தது.

இதற்கு நல்ல சான்று 1884-இல் நீரில் இறக்கப்பட்ட 'ஸ்ஃபாக்ஸ்'. எந்திரங்களுக்கு மேல் எஃகுக் கவசத்தளம் அமைத்த முதல் பிரெஞ்சு குரூசர் இது. எமில் பெர்த்தான் வடிவமைத்தார். எதிரியின் வணிகக் கப்பல்களைத் துரத்திப் பிடிப்பதே இதன் நோக்கம். ஆனால் மணிக்கு 16 கடல் மைலுக்குச் சற்று மேல்தான் ஓடியது. அதே ஆண்டு இறக்கப்பட்ட பிரித்தானியப் பயணிகள் கப்பல் 'எட்ரூரியா' 18-ஐத் தாண்டி ஓடியது! பீரங்கிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துக் கப்பலை மதிப்பிடும் மாணவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். (1899-இல் டிரேஃபஸைச் சிறைத்தீவிலிருந்து பிரான்சுக்குக் கொண்டுவந்ததும் இதே ஸ்ஃபாக்ஸ்தான்.)

அதற்காகப் பாய்மரத்தை மடமை என்று தள்ளிவிட முடியாது. சீனாவுடன் போர் நடந்தபோது, 1885 ஜனவரியில் பிரித்தானியா நடுநிலை விதிகளைக் கடுமையாக்கி, ஹாங்காங்கில் பிரெஞ்சுப் போர்க்கப்பல்களுக்கு நிலக்கரி மறுத்தது. பிறர் துறைமுகத்தை நம்பியவர்களுக்கு வேறு வழி குறைவு.

இக்குரூசர்களின் பெருமையாக அதே போரின் ஃபுசோ சண்டையைச் சொல்வார்கள். 1884 ஆகஸ்ட் 23 அன்று தளபதி கூர்பேயின் அணி சீனக் கப்பல்களில் பெரும்பாலானவற்றை அரை மணி நேரத்துக்குள் அழித்தது. வில்லார், தெஸ்தேன், வோல்தா ஆகிய மரக் குரூசர்களும் அதில் இருந்தன. வெற்றி உண்மை. ஆனால் அது குரூசர் வடிவமைப்புக்குக் கிடைத்த சான்றிதழ் அல்ல. இரு தரப்பும் வாரக்கணக்கில் ஒரே ஆற்றில் அருகருகே நங்கூரமிட்டிருந்தன. அங்கே வேகமும் தேவைப்படவில்லை, பாயும் தேவைப்படவில்லை. எதிரியைத் தேடிப்போகும் வேலையும் இல்லை. மறுநாள் பிரெஞ்சுப் பீரங்கிகள் சுட்டது ஃபுசோ கப்பல் கட்டும் தளத்தை. 1860-களில் ப்ரோஸ்பேர் ஜிக்கேல் என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி முன்னின்று சீனருக்கு அமைத்துக் கொடுத்த தளம் அது.