மறைத்தலும் காத்தலும்: ‘ஸ்கெல்லிக்’ புதினத்தை முன்வைத்து

தொன்மப் பிறவி ஒன்றைக் கண்டெடுக்கும் சிறுவன் அதனைப் பெரியவர்களிடமிருந்து மறைத்துக் காப்பது, சிறுவர் புனைகதையில் நன்கு பழகிய கதைக்கூறாகும். இம்மறைப்பைக் குறும்பு என்றோ பொய் என்றோ கொள்வது எளிது. அவ்வாறு கொள்ளலாகாது என்பதை, இங்கிலாந்து எழுத்தாளர் டேவிட் ஆல்மண்ட் 1998இல் வெளியிட்ட ‘ஸ்கெல்லிக்’ என்னும் புதினம் உணர்த்துகின்றது. கார்னகி பதக்கம் பெற்ற நூல் இது.

புதிதாகக் குடிபுகுந்த வீட்டின் இடிந்த கொட்டகையில், தூசி படிந்து முடங்கிக் கிடக்கும் ஒருவனை மைக்கல் காண்கிறான். அவனுக்கு மூட்டுவாதம், தோள்களிலோ சிறகுகள். அவன் மனிதனா, பறவையா, தேவதூதனா என்பதை நூல் இறுதிவரை அறுதியிடவில்லை. அதே வேளையில் மைக்கலின் பச்சிளந்தங்கை உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறாள். தங்கைக்குத் தன்னால் செய்ய இயலாததை அவன் இப்பிறவிக்குச் செய்கிறான். உணவும் மாத்திரையும் கொண்டு தருகிறான்.

கேப்ரியல் கார்சியா மார்க்கேஸ் 1968இல் எழுதிய, பெருஞ்சிறகுகளை உடைய முதியவரைப் பற்றிய சிறுகதையுடன் இதனை ஒப்பிடலாம். அங்கே பெரியவர்கள் அம்முதியவரைக் கோழிக்கூண்டில் அடைத்து, காண வருவோரிடம் கட்டணம் பெறுகின்றனர். அப்பணத்தில் மாடிவீடு எழுகிறது. காட்சிப்படுத்தல் என்ன செய்யும் என்பதை அக்கதை காட்டுகிறது. மறைத்தல் எதனைத் தடுக்கும் என்பதை ஆல்மண்டின் புதினம் காட்டுகிறது.

இம்மறைப்பு மைக்கலைத் தனிமைப்படுத்தவுமில்லை. தோழி மீனாவிடம் அவன் அதனைப் பகிர்ந்துகொள்கிறான். மருத்துவரிடம் மூட்டுவாதம் குறித்து வினவுகிறான். பெரியவர்தம் அறிவை நாடுகிறான். அவர்தம் அதிகாரத்தை மட்டுமே தவிர்க்கிறான்.

புதினத்தின் முடிவு விவாதத்திற்குரியது. மருத்துவமனையில் ஸ்கெல்லிக் குழந்தையை ஏந்தியதாகத் தாய் கனவுபோல் கூறுகிறாள், குழந்தையும் பிழைக்கிறது. செய்த உதவிக்குக் கைம்மாறு கிட்டியது என்னும் எளிய நீதிக்கு இஃது இடமளித்துவிடுகிறது. கைம்மாறு கருதாமல் மைக்கல் காத்ததே நூலின் வலிமை. அறுவை மருத்துவத்தையும் உடன்வைத்து, நிகழ்ந்தது யாதெனத் திட்டமாகக் கூறாது விட்டதால் ஆசிரியர் அவ்வலிமையைப் பெரிதும் காப்பாற்றிக்கொள்கிறார்.

‘பெற்றோரிடம் எதனையும் மறைக்காதே’ என்று கற்பிக்கும் ஆசிரியருக்கு இந்நூல் தயக்கம் தரலாம். அத்தயக்கம் நியாயமானதே. வலியவர் தம்மைக் காத்துக்கொள்ளக் குழந்தைமேல் சுமத்தும் மறைப்பு கேடானது. எளியதைக் காக்கக் குழந்தை தானே மேற்கொள்ளும் மறைப்பு வேறானது. எனவே, ‘இக்கதை உணர்த்தும் நீதி யாது?’ என்பதினும், ‘இம்மறைப்பு யாரைக் காக்கிறது?’ என்று வினவுவதே வகுப்பறைக்குப் பயன்தரும். அவ்வேறுபாட்டை அறிந்த மாணவன், எதனைச் சொல்லியே ஆகவேண்டும் என்பதையும் அறிவான்.